நெஞ்சுவலின்னா ஓடிவரும் டாக்டர்... அவர் நெஞ்சை யார் பார்ப்பது?

இரவு 1.40 மணி. திண்டிவனத்தில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. மரக்காணம் பக்கத்திலிருந்து, 50 வயதைத் தாண்டிய ஒருவரை ஆட்டோவில் அழைத்து வருகிறார்கள். சட்டை முழுக்க வியர்வை. நெஞ்சை அழுத்திப் பிடித்த கையை அவர் எடுக்கவே இல்லை.

"சாயங்காலத்துல இருந்தே ஒரு மாதிரி இருக்குதுன்னாரு சார். வாயுன்னு நெனச்சு சோடா வாங்கிக் குடுத்தோம். ரெண்டு ஏப்பம் வந்துச்சு. சரியாப் போயிடும்னு படுத்துட்டாரு..."

மனைவி சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் இ.சி.ஜி. ஒயர்களைப் பொருத்திவிடுகிறார். டூட்டி டாக்டருக்கு 30 வயதுகூட இருக்காது. காகிதத்தில் கோடு மேலே தூக்கி நிற்பதைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிடுகிறது. மாத்திரைகள், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, பெரிய மருத்துவமனைக்கு ஒரு போன், 108-க்கு ஒரு போன். எல்லாம் வரிசையாக நடக்கிறது. கொஞ்ச நேரத்தில் வலி குறைகிறது. "நீ நல்லா இருக்கணும் தம்பி" என்று அந்த அம்மா கையெடுத்துக் கும்பிடுகிறார்.

ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு டாக்டர் அன்றைய ஐந்தாவது டீயைக் குடிக்கிறார். அவருக்கும் நெஞ்சில் லேசாக ஓர் எரிச்சல். 'ராத்திரி சாப்பிடலை, அசிடிட்டியா இருக்கும்' என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போகிறார்.

இது ஒரு குறிப்பிட்ட டாக்டரின் கதை அல்ல. நெடுஞ்சாலையோர ஊர் மருத்துவமனைகளில் பல இரவுகள் இப்படித்தான் கழிகின்றன. சற்றுமுன் சோடா குடித்தவர் செய்ததும், இப்போது டாக்டர் செய்ததும் ஒரே காரியம்தான். இரண்டு பேருமே நெஞ்சு சொன்னதைக் கேட்காமல், தாங்களாகவே ஒரு காரணம் சொல்லிச் சமாதானம் ஆகிவிட்டார்கள்.

கடிகாரத்தோடு ஓடும் நெடுஞ்சாலை

திண்டிவனமும் விழுப்புரமும் சென்னை - திருச்சி சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. நடுவே விக்கிரவாண்டி டோல்கேட். அதைத் தாண்டி விழுப்புரம் போகும் வழியில் முண்டியம்பாக்கத்தில், 2010-ல் தொடங்கப்பட்ட அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த இரண்டு ஊர்களில் எங்கிருந்து கிளம்பினாலும் சுமார் 40 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர். சென்னை என்றால் திண்டிவனத்திலிருந்தே 120 கிலோமீட்டர் போக வேண்டும்.

சாதாரண நாளில் இவையெல்லாம் வெறும் தூரங்கள். நெஞ்சுவலி வந்தவருக்கு இவை நிமிடங்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கட்டி அடைத்துக்கொண்டால், அந்தக் குழாயை நம்பியிருக்கும் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகத் தொடங்கும். அடைப்பை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறோமோ அவ்வளவு தசை பிழைக்கும். அதனால்தான், நெஞ்சுவலியோடு வருபவருக்கு 10 நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி.

அடைப்பைத் திறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கேத் லேபில் செய்யும் ஆஞ்சியோபிளாஸ்டி. இன்னொன்று, கட்டியைக் கரைக்கும் ஊசி. ஆஞ்சியோபிளாஸ்டியை 2 மணி நேரத்துக்குள் செய்ய முடியாத தூரத்தில் இருப்பவருக்கு, பக்கத்து மருத்துவமனையிலேயே ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்வார்கள். திண்டிவனம், செஞ்சி, மயிலம், மேல்மலையனூர் என்று கிராமங்கள் சூழ்ந்த இந்தப் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும் வழி.

மாட்டுவண்டிச் சக்கரம் போல ஒரு திட்டம்

இந்த வழி வேலை செய்யும் என்று தமிழ்நாடே உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. கோவை மெடிக்கல் சென்டரின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முல்லாசாரியும் முன்னின்று நடத்திய திட்டம் அது. மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், சுற்றிலும் ஆரக்கால்கள். கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைதான் குடம். சுற்றியுள்ள சின்ன மருத்துவமனைகள் ஆரக்கால்கள். இவற்றை 108 ஆம்புலன்ஸ், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம், உடனுக்குடன் இ.சி.ஜி.யை அனுப்பும் தொழில்நுட்பம் ஆகியவற்றால் இணைத்தார்கள்.

2012 முதல் 2014 வரை, இப்படிப்பட்ட 4 தொகுப்புகளில் 2,420 மாரடைப்பு நோயாளிகளைக் கவனித்தார்கள். திட்டம் வருவதற்கு முன் 35 சதவிகிதம் பேருக்குத்தான் ஆஞ்சியோகிராம் கிடைத்தது. வந்த பிறகு அது 60.8 சதவிகிதம் ஆனது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6-லிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2017-ல் 'ஜாமா கார்டியாலஜி' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் இந்த முடிவுகள் வெளியாயின.

இதற்காக யாரும் புது மருந்து கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்தையும், இருந்த மருத்துவமனைகளையும், இருந்த ஆட்களையும் ஒழுங்காகக் கோத்தார்கள். நூறு பேரில் கூடுதலாக மூன்று பேர் பிழைத்தார்கள்.

2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம் இதன் முதல் கண்ணியைக் கிராமத்துக்கே கொண்டுபோனது. நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்று மருந்துகளையும் முதல் தவணையாக அங்கேயே கொடுத்துவிட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள். எண்ணிப் பார்த்தால் மொத்தம் 14 மாத்திரைகள். இதை வீட்டில் நீங்களாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. அல்சர், ரத்தக்கசிவு, பக்கவாதம் போன்ற பிரச்னைகள் இருப்பவர்களுக்கு ஆபத்தாக முடியலாம்.

ஆக, ஒருவரின் இதயம் பிழைக்கிறது என்றால், அதில் பல கைகள் இருக்கின்றன. கிராம செவிலியர், 108 பைலட், இ.சி.ஜி. டெக்னீஷியன், டூட்டி டாக்டர், கேத் லேப் டெக்னீஷியன், கார்டியாலஜிஸ்ட். இவர்களில் பலர் வேலைக்கு வந்து சில ஆண்டுகளே ஆன இளைஞர்கள். இந்தத் திட்டம் கற்றுக்கொடுத்த பாடத்தை அவர்களுடைய சொந்த வாழ்க்கைக்கும் பயன்படுத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

படித்து முடிக்கவே முப்பது

கார்டியாலஜிஸ்ட் ஆவதற்கு எத்தனை வருடம் ஆகும் தெரியுமா? எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம். எம்.டி. மூன்று வருடம். அதன்பிறகு டி.எம். கார்டியாலஜி மூன்று வருடம். இடையில் ஒரு நுழைவுத்தேர்விலும் தடுக்காமல் போனால்கூட 30 வயது ஆகிவிடும். நிஜத்தில் பலருக்கு 32, 33. பள்ளியில் கூடப் படித்தவர்கள் வீடு கட்டி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் நேரத்தில், இவர்கள் ஹாஸ்டல் அறையில் படித்துக்கொண்டிருப்பார்கள். கல்யாணம், கைக்குழந்தை, கடன், வயதான பெற்றோர், இரவு டூட்டி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் வயது அது.

இந்தத் துறையின் வரலாறும் அவர்களுக்கு ஒருவிதமான வீரத்தைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. 1929-ல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற 25 வயது இளம் டாக்டர், தன் கை நரம்பு வழியாக ஒரு மெல்லிய குழாயைத் தானே இதயம் வரை செலுத்திக்கொண்டார். அப்படியே நடந்துபோய் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். 1956-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஆஞ்சியோகிராம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பரிசோதனைக்கு அதுதான் ஆரம்பப் புள்ளி.

1977-ல் ஜூரிச் நகரில் உலகின் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தவர் ஆண்ட்ரியாஸ் குரூன்சிக். அவரிடம் பயிற்சி பெற்றவரான டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல், 1986-ல் இந்தியாவில் அந்தச் சிகிச்சையைத் தொடங்கிவைத்தார். சென்னையில் பணியாற்றிய அவரை 'இந்திய ஆஞ்சியோபிளாஸ்டியின் தந்தை' என்பார்கள்.

இவர்கள் வணங்கத்தக்க முன்னோடிகள். ஆனால், தன் உடம்பைப் பொருட்படுத்தாத டாக்டர்தான் நல்ல டாக்டர் என்ற பாடத்தை இதிலிருந்து எடுத்துக்கொண்டால் ஆபத்து. ஃபோர்ஸ்மன் செய்தது ஒரு பரிசோதனை. தினமும் தூங்காமல் இருப்பது பரிசோதனை அல்ல.

டாக்டர்களுக்கும் வரும்

2025 ஆகஸ்ட்டில் சென்னையில், 39 வயதான இதய அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் வார்டில் ரவுண்ட்ஸ் போய்க்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். சக மருத்துவர்கள் சி.பி.ஆர்., ஆஞ்சியோபிளாஸ்டி, எக்மோ என்று எல்லாவற்றையும் செய்துபார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. 2023 ஜூனில் குஜராத்தின் ஜாம்நகரில் 41 வயதான கார்டியாலஜிஸ்ட் ஒருவர், வழக்கம்போல நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்பித் தூங்கினார். காலையில் அவரை எழுப்ப முடியவில்லை.

இந்த மரணங்களுக்கு வேலைதான் காரணம் என்று வெளியிலிருந்து யாரும் சொல்லிவிட முடியாது. பரம்பரை, கொழுப்பு, சர்க்கரை, பி.பி. என்று பல விஷயங்கள் இருக்கலாம். ஆனால், நீண்ட வேலை நேரத்துக்கும் இதயத்துக்கும் தொடர்பு உண்டு என்பது தெளிவாகவே தெரிந்த விஷயம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 - 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிட 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவர்கள் இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவிகிதமும், பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவிகிதமும் அதிகம்.

55 மணி நேரம் என்பதைக் கேட்டால் பல இளம் டாக்டர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு அது வியாழக்கிழமையே முடிந்துவிடும்.

சட்டதிட்டங்கள் இல்லாமல் இல்லை. பயிற்சி மருத்துவர்களுக்கு ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை தரக்கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1992-லேயே மத்திய அரசு வழிகாட்டியது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மிகாத வேலை, ஒருநாள் விடுமுறை, தினமும் 7 - 8 மணி நேரத் தூக்கம் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. 48-லிருந்து 74-க்கு வந்திருப்பதைப் பார்த்தாலே நிலைமை புரியும்.

டாக்டர் தூங்கினால் நோயாளிக்குத்தான் லாபம்

"நோயாளிகள் காத்திருக்கும்போது டாக்டர் எப்படி ஓய்வெடுப்பார்?" என்று கேட்கலாம். இதற்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாரடைப்பு நோயாளிகளுக்கான வார்டு உள்ளிட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பணியாற்றிய இளம் டாக்டர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2004-ல் அதன் முடிவு வெளியானது. நீண்ட நேரத் தொடர் டூட்டி பார்த்தபோது, நேரம் குறைத்து டூட்டி பார்த்ததைவிட, பெரிய தவறுகள் 36 சதவிகிதம் அதிகமாக நடந்திருந்தன. அதே டாக்டர்கள், அதே படிப்பு. தூக்கம் மட்டும்தான் வித்தியாசம்.

இன்னொரு ஆபத்து டூட்டி முடிந்த பிறகு காத்திருக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், ரத்தத்தில் 0.05 சதவிகிதம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவே 0.03 சதவிகிதம்தான். முண்டியம்பாக்கத்தில் இரவு டூட்டியை முடித்துவிட்டு, கரும்பு ஏற்றிய டிராக்டர்களும் ஆம்னி பஸ்களும் ஓடும் சாலையில் புதுச்சேரிக்கோ சென்னைக்கோ கார் ஓட்டிக்கொண்டு போகும் இளம் டாக்டர், ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் அந்த நிலையில்தான் இருக்கிறார்.

முப்பதிலேயே தொடங்க வேண்டிய கணக்கு

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு கூடுதல் சிக்கல் உண்டு. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வை முன்னின்று நடத்தியவர், கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் டாக்டர் சலீம் யூசுப். தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. புகைப்பழக்கம், கெட்ட கொழுப்பு, பி.பி., சர்க்கரை, தொப்பை, மன அழுத்தம், காய்கறி - பழம் குறைவு, உடற்பயிற்சி இல்லாமை ஆகியவைதான் பெரும்பாலான மாரடைப்புகளுக்குப் பின்னணி என்றும் அது காட்டியது.

இந்தப் பட்டியலை இளம் கார்டியாலஜிஸ்ட்டின் ஒருநாளோடு பொருத்திப் பாருங்கள். காலைச் சாப்பாடு கிடையாது. மதியம் 4 மணிக்கு கேன்டீனில் ஆறிப்போன சாம்பார் சாதம். இரவு 11 மணிக்கு நெடுஞ்சாலை ஹோட்டலில் பரோட்டா. நடுவே சர்க்கரை போட்ட டீ ஐந்தாறு. நடைப்பயிற்சிக்கு நேரமில்லை. மன அழுத்தத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நோயாளிக்கு எதையெல்லாம் செய்யக்கூடாது என்று எழுதிக்கொடுக்கிறாரோ, அதில் பாதியை அவரே செய்துகொண்டிருப்பார்.

இந்திய கார்டியாலஜி சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 18 வயதிலேயே முதல் கொழுப்புப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன் (ஏ) என்ற கொழுப்பின் அளவை வாழ்க்கையில் ஒருமுறையாவது பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. இது டாக்டர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் உங்களுக்கும் பொருந்தும்.

ஈய அங்கியின் எடை

கேத் லேபுக்குள் வேலை செய்பவர்களுக்கு இன்னும் ஒரு சுமை இருக்கிறது. நிஜமான சுமை. எக்ஸ்ரே கதிர்வீச்சிலிருந்து தப்பிக்க ஐந்து கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள ஈய அங்கியை அணிந்துகொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். கழுத்தில் தைராய்டைக் காக்க ஒரு பட்டை. இளம் வயதிலேயே முதுகுவலி, கழுத்துவலி வருவது இந்தத் துறையில் சகஜம்.

கதிர்வீச்சுக்கும் கணக்கு உண்டு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, இப்படிப்பட்ட பணியாளர்களுக்கு ஐந்து ஆண்டு சராசரியாக, ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் வரைதான் அனுமதி. எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. இதை அளக்கத்தான் டி.எல்.டி. பேட்ஜ். 'அளவு கூடிப்போனால் கேஸ் பார்க்க விடமாட்டார்கள்' என்று பேட்ஜை லாக்கரிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. தெர்மாமீட்டரை ஒளித்துவைத்தால் காய்ச்சல் போய்விடாது.

சின்ன விஷயங்களே பெரிய பாதுகாப்பு தரும். எக்ஸ்ரே மூலத்திலிருந்து இரண்டு மடங்கு தள்ளி நின்றால், படும் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகக் குறையும். தேவையில்லாமல் மிதியை மிதித்துக்கொண்டே இருக்கக் கூடாது. இதைப் பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியனும் நர்ஸும்கூடச் சீனியரிடம் தயங்காமல் சொல்ல முடிய வேண்டும்.

பெண் டாக்டர்களும் பெண் டெக்னீஷியன்களும் கர்ப்பமாக இருந்தால் உடனே நிர்வாகத்துக்குத் தெரிவிப்பது அவசியம். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கான அளவு மிகவும் குறைவு, மீதமுள்ள கர்ப்பகாலம் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட்தான். அதற்கேற்ப வேலையை மாற்றித் தருவது சலுகை கிடையாது, பாதுகாப்பு விதி.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இதயத் துறை என்றால் டாக்டர் படிப்பு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி, இதய அறுவையின்போது இதய - நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷன் படிப்பு ஆகியவை உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகளில் இ.சி.ஜி., டிரெட்மில் டெக்னீஷியன் போன்ற சான்றிதழ்ப் படிப்புகளும் இருக்கின்றன. நல்ல வேலைகள்தான். ஆனால், சேரும் முதல் நாளே பேட்ஜ் உண்டா, ஈய அங்கியில் விரிசல் இருக்கிறதா, இரவு டூட்டி மாதத்துக்கு எத்தனை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

இளம் டாக்டர்கள், டெக்னீஷியன்கள், நர்ஸ்களுக்கு...

* உங்களுக்கென்று ஒரு டாக்டரை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இ.சி.ஜி.யை நீங்களே பார்த்து 'நார்மல்' என்று முடிவுசெய்யாதீர்கள்.

* டூட்டியில் நெஞ்சில் அழுத்தம், எரிச்சல், தாடைவலி, காரணமில்லாத வியர்வை என்று எது வந்தாலும், நோயாளிக்கு உள்ள அதே விதிதான் உங்களுக்கும். 10 நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

* வருடத்துக்கு ஒருமுறை, பிறந்தநாளை ஒட்டி பி.பி., சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு. தேதி மறக்காது.

* இரவு டூட்டி முடிந்தால் பஸ் அல்லது ரயில். கார்தான் என்றால், மருத்துவமனையிலேயே கொஞ்சம் தூங்கி எழுந்த பிறகு கிளம்புங்கள்.

* பையில் வேர்க்கடலையும் ஒரு கொய்யாப்பழமும் இருக்கட்டும். இரண்டுமே நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைப்பவை. பரோட்டாவுக்கு முன் அவை வயிற்றுக்குப் போனால் போதும்.

* டூட்டி மாற்றும்போது நோயாளிகளின் விவரங்களை எழுதிக்கொடுத்துவிட்டு, மனதிலிருந்தும் இறக்கிவைத்துவிடுங்கள். அடுத்து வருபவரும் உங்களைப் போலவே படித்தவர்தான்.

* தூக்கம் வராமல், அழுகை வந்து, 'எல்லாம் வீண்' என்று தோன்றினால், அதுவும் ஒரு நோய்க்குறிதான். தமிழக அரசின் 104 எண்ணிலும் மத்திய அரசின் 14416 எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. டாக்டர்களும் அழைக்கலாம்.

வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது

பிள்ளை டாக்டர் என்றால் பெருமைதான். ஆனால், சொந்தக்காரர்கள் எல்லோருடைய ரிப்போர்ட்டையும் இரவு 10 மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். விடுமுறையில் ஊருக்கு வந்தால் கல்யாண வீடு, காதுகுத்து என்று இழுத்துக்கொண்டு அலையாமல் தூங்க விடலாம். "சாப்பிட்டியாடா?" என்று கேட்கும் அம்மாக்கள், "எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் யார் யார், எத்தனை வயதில் என்ற விவரத்தையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 'படிக்கிற பிள்ளை, பயந்துடுவான்' என்று சித்தப்பாவின் பைபாஸ் ஆபரேஷனை ஒளித்துவைத்த வீடுகள் எத்தனையோ.

நோயாளிகளும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். நெஞ்சுவலிக்கு சோடா குடித்துக் காத்திருக்காமல், மூன்று கிளினிக் ஏறி இறங்காமல், உடனே 108-ஐ அழைத்தாலே அந்த இரவு டாக்டரின் சுமை பாதியாகும். சீக்கிரம் வருபவரைக் காப்பாற்றுவது எளிது. ஆறு மணி நேரம் தாமதமாக வந்தவருக்காகப் போராடித் தோற்று, வெளியே வந்து குடும்பத்தாரிடம் சொல்லும் நிமிடம்தான் இளம் டாக்டர்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

காலை 8 மணி

மறுபடியும் அந்தத் திண்டிவனம் இரவுக்குப் போவோம். விடிந்துவிட்டது. மாற்று டூட்டிக்கு ஒரு சீனியர் டாக்டரம்மா வருகிறார். இரவு வந்த நோயாளிகளின் விவரங்களைச் சொல்லி முடித்த இளம் டாக்டர், கடைசியில் தயங்கித் தயங்கி, "அக்கா, ராத்திரி எனக்குக் கொஞ்சம் நெஞ்சு எரிச்சலா இருந்துச்சு. இப்ப ஒண்ணும் இல்ல" என்கிறார்.

"அப்பவே ஏன் யார்கிட்டயும் சொல்லல? படு அந்த பெட்ல."

இ.சி.ஜி. எடுத்துப் பார்க்கிறார். மாற்றம் எதுவும் இல்லை. இளம் டாக்டர் பையைத் தூக்குகிறார்.

"எங்க கிளம்பிட்டே? ஒரு இ.சி.ஜி. நார்மல்னா எல்லாம் நார்மல்னு அர்த்தம் இல்லைனு நீதானே ராத்திரி அந்த அம்மாகிட்ட சொல்லியிருப்பே? ட்ரோபோனினுக்கும் கொழுப்புக்கும் ரத்தம் குடு. ரிசல்ட் வர்ற வரைக்கும் இங்கேயே தூங்கு. அப்புறம் இன்னொரு இ.சி.ஜி. எடுப்போம். கார் சாவிய என்கிட்ட குடு, வீட்டுக்கு பஸ்ல போயிக்கலாம்."

அவர் மறுபேச்சுப் பேசாமல் சாவியைக் கொடுக்கிறார். சற்று நேரத்தில் நர்ஸின் போன் ஒலிக்கிறது. இரவு அனுப்பிய நோயாளிக்கு ஆஞ்சியோகிராம் முடிந்துவிட்டதாம், நன்றாக இருக்கிறாராம். சொல்ல வந்து எட்டிப்பார்த்தால், டாக்டர் தூங்கிவிட்டிருக்கிறார். எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நர்ஸ் விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்.